பன்னிரண்டு முதல் ஒன்று வரை சாந்தி

"பைப்பு சொட்டுதுங்க. கோப்பெங் போறீங்கள்ல, ஒரு வாஷர் வாங்கிட்டு வாங்க. அரை இஞ்ச், மறந்துடாதீங்க."

என் மனைவி நவமணி என்னிடம் கடைசியாகச் சொன்னது இதுதான். இதில் தத்துவம் எதுவும் இல்லை. நானும் "ம்" என்றேன். என் கைப்பேசியைச் சமையலறை மேசையிலேயே விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். ஒரு மணி நேரம் கழித்து வந்தபோது அவள் அடுப்புக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தாள். மாரடைப்பு என்றார் டாக்டர்.

விழுவதற்கு முன் எங்கள் மகள் ஷாமினியை அழைத்திருக்கிறாள். ஷாமினி ஈப்போவில் ஒரு கிளினிக்கில் தாதி. அந்த நேரம் ஒரு குழந்தைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். சட்டைப் பையில் கைப்பேசி சத்தமில்லாமல் அதிர்ந்தது. அவள் எடுக்கவில்லை. மணி பத்து நாற்பத்திரண்டு.

எங்கள் வீட்டில் நடந்தது இவ்வளவுதான். இந்தச் சின்ன விஷயத்தை வைத்து ஒருவன் எவ்வளவு பெரிய கடை விரிக்க முடியும் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

சிம்பாங் பூலாயைத் தாண்டிச் சுண்ணாம்பு மலைப் பக்கம் திரும்பினால் ஒரு பழைய ரப்பர் தோட்டம் இருக்கிறது. மரங்கள் போய்ப் பல வருடம் ஆகிறது. ரப்பர் ஷீட்டுக்குப் புகை போட்ட நீளமான கட்டடம் மட்டும் மிச்சம். போன வருடம் அதற்குக் காவி வண்ணம் அடித்தார்கள். வாசலில் பலகை மாட்டினார்கள்: பரம சாந்தி பீடம். பீடாதிபதி, சாந்தேஸ்வர அடிகள்.

அடிகள் அதற்கு முன்பு பவித்ரன் என்ற பெயரில் வீடு வீடாகத் தண்ணீர் வடிகட்டும் கருவி விற்றுக்கொண்டிருந்தார். தண்ணீரோடு அவருக்கு இருந்த தொடர்பு விட்டுப்போகவில்லை.

கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். சித்தியவானிலிருந்து வேன் வைத்து வந்தார்கள். கிள்ளானிலிருந்து பஸ் வந்தது. பட்டம் படித்தவர்கள், வழக்கறிஞர்கள், கணக்காய்வாளர்கள், காரைச் சேற்றில் நிறுத்திவிட்டு வெறுங்காலோடு நடந்தார்கள். "சாந்தி கிடைச்சிருச்சா?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். லைசென்ஸ் புதுப்பிக்க வந்தவர்கள் கேட்டுக்கொள்வது போல.

வேலை நடந்த விதம் இதுதான். உள்ளே நீளமான தகர மேசை. அதன்மேல் வரிசையாக முப்பது பித்தளை உருளிகள். ஒவ்வொன்றிலும் விளிம்பு வரை தண்ணீர். செத்தவர் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி உருளிக்கு முன்னால் உட்கார வேண்டும். மேலே தொங்கும் விளக்கின் வெளிச்சம் தண்ணீரில் பட்டுச் சுவரில் விழும். ஆத்மா சாந்தி அடைந்திருந்தால் தண்ணீர் கண்ணாடிபோல் இருக்குமாம். அடையாவிட்டால் நடுங்குமாம்.

நடுங்கியது. எல்லா உருளியும் நடுங்கியது. பேராக் மாநிலத்தில் செத்துப்போன ஒரு தமிழனுக்குக்கூடச் சாந்தி கிடைக்கவில்லை. சுவர் முழுக்க வெளிச்சம் பதறிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துச் சனங்கள் அழுதார்கள்.

பிறகு அடிகள் வருவார். முதலில் சொல்லுக்கு விளக்கம். "சாந்தி. இந்தச் சொல்லு எங்கேருந்து வந்துச்சு? 'சா'ன்னா சாவு. 'அந்தி'ன்னா பொழுது சாயிற நேரம். செத்தவங்க பகலுக்கும் போக முடியாம ராவுக்கும் போக முடியாம அந்தியில நிக்கிறாங்க. நீங்க கைபிடிச்சு அனுப்பணும்."

நான் முப்பத்தோரு வருடம் ஈப்போவில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவனாக இருந்தவன். இந்தச் சொல்லை நான் திருத்தாத நாள் இல்லை. பதினாறாம் நாள் காரியப் பத்திரிகையில் 'ஆத்மா சாந்தியடைய' என்று வரும். கல்யாண வீட்டு நிகழ்ச்சி நிரலில் 'சாந்தி முகூர்த்தம்' என்று வரும். அடிகளின் விளக்கப்படி பார்த்தால் புது மாப்பிள்ளையும் பெண்ணும் எந்த அந்தியில் நிற்கிறார்கள் என்று கேட்க எனக்கு ஆசையாக இருந்தது.

வீட்டில் பழைய அகராதி இருக்கிறது. பார்த்தேன். வடமொழிச் சொல். தணிதல், அடங்குதல் என்பது வேர். தீ அணைவதற்கும் காய்ச்சல் இறங்குவதற்கும் அதே வேர்தான். பாராயணத்தின் முடிவில் மூன்று முறை சொல்கிறார்களே, அது சொல்கிறவனுடைய மூன்று வகைத் துன்பம் தணியட்டும் என்று. சொல்கிறவன் உயிரோடு இருப்பவன். நம் அமைதி என்ற சொல்லுக்கும் இப்படித்தான்: அமைதல், ஓர் இடத்தில் பொருந்தி நிற்றல். செத்தவருக்கு யாராவது சான்றிதழ் வாங்கித் தர வேண்டும் என்று இரண்டு சொல்லிலும் இல்லை.

ஆனால் அகராதியைப் பார்க்க யாரும் பஸ் பிடித்து வருவதில்லை.

ஷாமினி கிளினிக் தோழி ஒருத்தியோடு பீடத்துக்குப் போனாள். வரிசையில் நின்றபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்த பீடத்துப் பெண்ணிடம் எல்லாம் சொல்லியிருக்கிறாள். போன், ஊசி, பத்து நாற்பத்திரண்டு. அரை மணி நேரத்தில் அடிகளுக்கு ஞானதிருஷ்டி வந்துவிட்டது.

"தண்ணி நடுங்குதும்மா, பாத்தியா? எதப் போல நடுங்குது? போன் அதிர்ற மாதிரி இல்ல? நீ எடுக்கல. அம்மா இன்னும் அடிச்சுக்கிட்டே இருக்காங்க."

மனிதர்கள் பலவிதமாகத் திருடுவார்கள். இவன் என் மகளின் தூக்கத்தைத் திருடினான். அவள் கைப்பேசியைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தாள். கிளினிக்கில் ஒரு நாள் யாருடைய போனோ மேசையில் அதிர்ந்தபோது கையிலிருந்த தட்டைக் கீழே போட்டிருக்கிறாள்.

ஒவ்வொரு புதன்கிழமையும் போனாள். காலையில் தண்ணீர் நடுங்கும். மதியம் அடிகள் பூஜை செய்வார். தண்ணீர் அடங்கும். அந்தத் தண்ணீரைப் புட்டியில் அடைத்துக் கொடுத்து அனுப்புவார்கள். அடுத்த புதன் போனால் மறுபடியும் நடுங்கும். "அம்மாவுக்குப் பாசம் அதிகம்மா, திரும்பித் திரும்பி வர்றாங்க" என்பார் அடிகள். பழைய தொழில் மறக்கவில்லை. கருவியை விற்றால் மாதாமாதம் சர்வீஸும் உண்டு.

ஐந்தாவது வாரம் வீட்டுக்கு வந்து சொன்னாள். "அப்பா, நான் வேலைய விட்டுடப் போறேன். அங்கேயே சேவகியா இருந்துடறேன். சாமி சொல்றாரு, ஒரு பொண்ணு ஆயுசு முழுக்கப் பேசாம மௌனமா இருந்தாத்தான் அம்மாவுக்கு நிரந்தர சாந்தியாம்."

"பேசாமன்னா? என்கிட்டயுமா?"

"யார்கிட்டயும்."

"எப்பேருந்து?"

"அடுத்த புதன். தீட்சை குடுக்கறாங்க."

மனைவி போய் நான்கு மாதம். மகள் போக ஒரு வாரம். கத்திப் பயனில்லை என்று எனக்குத் தெரியும். நம்பிக்கையைக் கத்தி வெல்ல முடிந்திருந்தால் நாடு எப்போதோ தெளிந்திருக்கும். மறுநாள் காலையில் நான் மட்டும் பீடத்துக்குப் போனேன்.

வாசலுக்கு எதிரே ஒரு கடை. நாசி லெமாக் சோறு, கோப்பி, தேத்தண்ணி. நடத்துகிறவர் காளியம்மா, அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அந்தத் தோட்டத்திலேயே பால் மரம் சீவியவர். எல்லாரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், அடிகள் உள்பட. நான் ஒரு கோப்பி ஓ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து ஒலிபெருக்கியில் 'ஓம்' இடிபோல் வந்துகொண்டிருந்தது.

கோப்பியைக் குடிக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தேன். கறுப்புக் கோப்பியின்மேல் வட்டம் வட்டமாக நடுக்கம். நடுவிலிருந்து விளிம்புக்கு, விளிம்பிலிருந்து நடுவுக்கு.

"அக்கா, இந்தக் கோப்பிக்குச் சாந்தி இல்ல போலிருக்கு."

அவர் சிரித்தார். "கோப்பிக்கு மட்டுமா? என் கிளாஸெல்லாம் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிட்டே இருக்கும், கேளுங்க."

அலமாரியில் கண்ணாடிக் கிளாசுகள் கிணுகிணுவென்று மெல்லிசாக உரசிக்கொண்டிருந்தன.

"இது எதனாலக்கா?"

"மலைக்குப் பின்னால குவாரி லா. கல்லு அரைக்கிற மெஷின். எட்டு மணிக்குப் போட்டான்னா தரையே ஆடும். இருவது வருசமா பழகிப்போச்சு, நமக்குத் தெரியறதில்ல."

"எப்ப நிறுத்துவான்?"

"பன்னெண்டுக்கு மக்கான், சோத்து நேரம். ஒரு மணிக்குத் திரும்பப் போடுவான். வெள்ளிக்கெழமைன்னா தொழுகைக்குப் போவானுங்க, ரெண்டே முக்கால் ஆவும். ஞாயித்துக்கெழமை லீவு."

நான் பீடத்துப் பலகையைத் திரும்பிப் பார்த்தேன். நேரம் தெளிவாக எழுதியிருந்தது. ஆத்ம சோதனை, காலை ஒன்பது முதல். சாந்தி பூஜை, பன்னிரண்டு மணிக்கு. வெள்ளிக்கிழமை விசேஷ நெடுஞ்சாந்தி. ஞாயிறு அருள் ஓய்வு.

செத்தவர்களுக்கு மதியச் சாப்பாட்டு இடைவேளை இருப்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை வேறு. நான் வேலை பார்த்த அச்சகத்தில் அதுகூட ஒழுங்காகக் கிடையாது.

"அக்கா, இது தெரிஞ்சும் நீங்க ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

"யாரு கேட்டாங்க? அவங்க தண்ணியப் பாக்க வர்றாங்க, கோப்பியப் பாக்க வரல."

இதைவிடச் சரியான பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமையும் வந்து உட்கார்ந்து பார்த்தேன். பன்னிரண்டுக்குக் கிளாசுகள் வாயை மூடின. இரண்டே முக்காலுக்குத் திறந்தன. ஞாயிற்றுக்கிழமையும் வந்தேன். சத்தமே இல்லை. அதற்குப் பிறகுதான் காளியம்மாவிடம் என் மகளைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு அவளைத் தெரிந்திருந்தது. "வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு வருமே, அந்தப் புள்ளையா? ஒருநாள் தட்டுல சோத்த வச்சுக்கிட்டு அழுதுச்சு."

"எனக்கு உங்க பேரு வேணும்க்கா. புதன்கிழமைக்கு மட்டும்."

"நான் செத்துட்டேன்னு சொல்லப் போறீங்களா?"

"நான் சொல்ல மாட்டேன். அவரு சொல்லட்டும்."

அவர் ஒரு கிளாஸைத் துடைத்து அலமாரியில் வைத்தார். "இந்தக் கூட்டம் போனா என் யாவாரம் போயிரும்னு பாக்கறீங்களா? முன்னாடி குவாரி லோரிக்காரன்தான் சோறு வாங்குனான். இனிமேயும் அவன் வாங்குவான். எழுதிக்கங்க, காளியம்மா, பூச நட்சத்திரம்."

புதன்கிழமை. ஷாமினி வெள்ளைச் சேலை கட்டியிருந்தாள். காரில் வரும்போது என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பழகிக்கொள்கிறாளாம்.

மணி பதினொன்றரை. கட்டடம் நிரம்பி வழிந்தது. தீட்சை என்றால் கூடுதல் கூட்டம். அடிகள் வரிசையாக உருளிகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். நான் வேறோர் உருளிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். மங்கு என்று நாங்கள் சொல்லும் பழைய பீங்கான் கிண்ணம் ஒன்றை வீட்டிலிருந்து கொண்டுவந்து, வெளிக்குழாயில் தண்ணீர் பிடித்து உருளிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"யாருக்குப்பா கேக்கறீங்க? நவமணி அம்மாவுக்கா?"

"இல்லீங்க சாமி. காளியம்மான்னு ஒருத்தங்க. பூச நட்சத்திரம். இந்தத் தோட்டத்துல பால் மரம் சீவுனவங்க."

அடிகள் கண்ணை மூடினார். தண்ணீர் நடுங்கியது. அவர் முகத்தில் துயரம் படர்ந்தது. அந்த முகத்தையும் காலையில் கண்ணாடி முன்னால் போட்டுப் பார்த்திருப்பார்.

"ரொம்பக் கஷ்டப்படறாங்க. செத்து மூணு வருசம் இருக்கும். தாகம். தண்ணி தண்ணின்னு இந்தப் பக்கமே சுத்திக்கிட்டு இருக்காங்க. என் கண்ணுக்குத் தெரியறாங்க."

"உங்க கண்ணுக்குத் தெரியறாங்களா சாமி?"

"நல்லாத் தெரியறாங்க. வாசப் பக்கம் நிக்கறாங்க."

ஒருவன் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை உண்மை சொல்வான் என்றால் அது அந்த வார்த்தைதான். வாசல் பக்கத்திலிருந்து காளியம்மா தட்டோடு உள்ளே வந்தார்.

"இந்தாங்க சாமி, உங்க கோப்பி ஓ. சீனி கம்மி."

யாருக்கும் புரியவில்லை. நான் சொன்னேன், "இவங்கதான் காளியம்மா. பூச நட்சத்திரம்."

காளியம்மா கையைத் துடைத்துக்கொண்டார். "எனக்குத் தாகமெல்லாம் ஒண்ணுமில்ல சாமி. முட்டிதான் வலிக்குது. அதுக்கு எதாச்சும் இருக்கா?"

பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். முன்வரிசையில் ஓர் அம்மாள் அவரை முறைத்தார். பக்தி அவ்வளவு சீக்கிரம் வீழ்ந்துவிடாது. அடிகளும் லேசுப்பட்டவர் இல்லை.

"சூது. பேரு சொன்னவர் மனசுல சூது இருக்கு. அந்தச் சூதுதான் தண்ணிய ஆட்டுது."

"அப்ப இந்த மங்கு?" என்றேன். "இதுக்கு நான் யாரு பேரையும் சொல்லல. பைப்புத் தண்ணி. இதுவும் ஆடுது பாருங்க."

எழுந்து வந்து பார்த்தார்கள். மங்கில் தண்ணீர் வட்டம் போட்டுக்கொண்டிருந்தது.

மணி பன்னிரண்டு ஆக மூன்று நிமிடம். நான் எழுந்து நின்றேன். வாழ்க்கையில் மேடை ஏறியவன் இல்லை. குரல் நடுங்கியது, உருளித் தண்ணீர்போல.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இன்னைக்கு சாமி பூஜை பண்ண வேண்டாம். மந்திரம் வேண்டாம். அந்த ஒலிபெருக்கிய மட்டும் அணைங்க. எல்லாரும் சும்மா தண்ணியப் பாருங்க."

"பூஜை இல்லாம ஆத்மாவெல்லாம் தவிச்சுப்போகும்" என்றார் அடிகள். ஆனால் காளியம்மா அதற்குள் ஒலிபெருக்கியின் வயரைப் பிடுங்கிவிட்டார்.

'ஓம்' நின்றது. அப்போதுதான் எல்லாருக்கும் கேட்டது. மலைக்குப் பின்னாலிருந்து தாழ்ந்த உறுமல். இத்தனை மாதம் அதன் மேல்தான் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். பன்னிரண்டு மணிக்குக் குவாரியின் சங்கு ஊதியது. உறுமல் மெல்ல இறங்கி நின்றது. முப்பது உருளியிலும் தண்ணீர் அடங்கியது. என் மங்கிலும் அடங்கியது. சுவரில் வெளிச்சம் அசையாமல் நின்றது. "குவாரியில மக்கான். ஒரு மணிக்குத் திரும்பப் போடுவான்" என்றார் காளியம்மா, எல்லாருக்கும் கேட்கும்படி.

ஒரு மந்திரம் சொல்லவில்லை. ஒரு பூப் போடவில்லை. பேராக்கில் செத்தவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் சாந்தி. குவாரித் தொழிலாளர்கள் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்ததால்.

அடிகள் சட்டென்று முகத்தை மாற்றிக்கொண்டார். "பாத்தீங்களா? நான் மனசுக்குள்ளயே சொன்னேன். வேலை முடிஞ்சது. உருளிய எடுங்கப்பா."

தொண்டர்கள் மேசையை நெருங்கினார்கள். எடுத்துவிட்டால் எல்லாம் முடிந்தது. நான் ஒரு மணி வரை காத்திருக்கச் சொல்வதற்கு முன்னால் என் மகள் எழுந்தாள். தன் உருளியின்மேல் இரண்டு கைகளையும் விரித்து வைத்துக்கொண்டாள். பேசக் கூடாத பெண் பேசினாள்.

"எடுக்காதீங்க சாமி. எங்கம்மா இப்ப அடிக்கலல்ல? ஒரு மணிக்கு அடிப்பாங்களா, மாட்டாங்களா? நான் பாக்கணும்."

"ஷாமினி, நீ தீட்சைக்கு வந்தவ, மௌனம்…"

"நான் பாக்கணும்."

அவளைத் தள்ள யாருக்கும் தைரியம் வரவில்லை. மற்றவர்களும் தங்கள் தங்கள் உருளிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டார்கள். அடிகள் உள்ளே போய்த் தியானம் செய்யப் போவதாகச் சொன்னார். அது எவ்வளவு ஆழ்ந்த தியானம் என்றால், பின்பக்கம் கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

ஒரு மணிக்குச் சங்கு ஊதியது. முதலில் காளியம்மா கடையில் கிளாசுகள். பிறகு தகர மேசை. பிறகு முப்பது உருளியும் ஒன்றாக. அப்பன், ஆத்தாள், தாத்தா, தம்பி, எல்லாருடைய சாந்தியும் ஒரே நொடியில் போய்விட்டது. என் மங்கும் அவர்களோடு சேர்ந்து ஆடியது, பெயரில்லாமல்.

ஷாமினி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு விரலை உள்ளே விட்டு எடுத்தாள்.

"அப்பா. அப்ப அம்மா அடிக்கல."

"இல்லம்மா. ஒரு தடவதான் அடிச்சா. அதுக்கப்புறம் அடிக்கல."

காரில் ஈப்போ வரை அழுதாள். நான் தடுக்கவில்லை. சொல்லின் வேரை அகராதியில் பார்த்திருக்கிறேனே: தணிதல். தணிய வேண்டியது உயிரோடு இருப்பவர்களுக்குள் இருக்கிறது. அதற்கு அழுகைதான் வழி என்றால் அழட்டும். தகர மேசை தேவையில்லை.

இத்தோடு சனங்கள் திருந்திவிட்டார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அடிகள் இப்போது சித்தியவானில் கடற்கரைப் பக்கம் ஒரு கொட்டகையில் இருக்கிறார். அங்கே குவாரி இல்லை. அதனால் தண்ணீர் போய் விளக்கு வந்திருக்கிறது. திரி ஆடினால் ஆத்மா தவிக்கிறதாம், நின்றால் சாந்தியாம். கடற்காற்று எந்த நேரம் வீசும், எந்த நேரம் நிற்கும் என்று மீன்பிடிக்கப் போகிறவர்களிடம் கேட்டு வைத்திருப்பார். அன்றைக்கு எங்களோடு உட்கார்ந்து ஒரு மணிச் சங்கைக் கேட்டவர்களில் பத்துப் பதினைந்து பேர் அங்கேயும் போகிறார்களாம். தண்ணீர்தான் பொய், விளக்கு நிஜம் என்கிறார்களாம். அவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் செத்தவர்கள் உங்களை எதுவும் கேட்கவில்லை. கேட்கிறவன் உயிரோடு எதிரே உட்கார்ந்திருக்கிறான். விளக்கைப் பார்ப்பதை விட்டுவிட்டுச் சன்னலை ஒரு தடவை சாத்திப் பாருங்கள். மூளைக்கு அதைவிடப் பெரிய வேலை யாரும் கொடுக்கவில்லை.

ஷாமினி கிளினிக்குக்குப் போகிறாள். கைப்பேசி மறுபடியும் சட்டைப் பையில் இருக்கிறது. பத்து நாற்பத்திரண்டு அழைப்பை அவள் அழிக்கவில்லை. நானும் அழிக்கச் சொல்லவில்லை.

அன்று கோப்பெங்கில் வாங்கிய வாஷரை ஐந்து மாதம் கழித்துப் போட்டுப் பார்த்தேன். முக்கால் இஞ்ச். பைப்பு இன்னும் சொட்டுகிறது.